நிலுவை இல்லை

தணிகாசலம் பதிவேட்டைப் புரட்டுகிறார்.
முப்பத்தோரு வருஷம், மூன்று தடி நோட்டு.
ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் என் கையெழுத்து,
வரவரச் சுருங்கிக்கொண்டே.
'நிலுவை இல்லை' என்று இவர் எழுதினால்தான்
என் ஓய்வூதியத் தாள் நகரும்.

மட்டை பதினான்கு. சரி.
மஞ்சள் பந்து ஆறு டஜன். சரி.
முகக்கவசம் இரண்டு,
ஒன்றில் எலி குடித்தனம்.
'இது என்ன மேடம்?'
ஐந்து மூலை ரப்பர் பலகை.
சின்னப்பிள்ளை வரைந்த வீட்டைத்
தலைகீழாய்க் கவிழ்த்த மாதிரி.
'ஹோம்' என்றேன்.
வீடு ஒன்று, என்று எழுதிக்கொண்டார்.

நான் கூடைப்பந்துக்காரி.
தொண்ணூற்று நான்கில் சேர்ந்த அன்றே
முதல்வர் சிஸ்டர் சொன்னார்:
அதற்கு ஆள் இருக்கு, நீ சாஃப்ட்பால் எடு.
எடுத்தேன்.
அதுவரை கண்ணால் பார்த்ததில்லை.
அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில்
அட்டை போன விதிப்புத்தகம் ஒன்று,
பந்தெறியக் கை சுழற்றும் ஆறு படங்கள்.
ஐந்தாவது கிழிந்திருந்தது.
முதல் இரண்டு வருஷத்துப் பிள்ளைகள் எல்லாரும்
நாலிலிருந்து ஆறுக்குத் தாவினார்கள்.

'கிரிக்கெட்டா?' என்பார்கள் பஸ் ஸ்டாப்பில்,
மட்டைப் பையைப் பார்த்து.
இல்லை.
'எறிபந்தா?'
இல்லை.
அதற்குள் அவர்கள் பஸ் வந்துவிடும்.

மெட்ரோக்காரர்கள் மைதானத்தின் இடது மூலையை
நீலத் தகரத்தால் வளைத்தபோது
தகரம் தாண்டினால் இரண்டு பேஸ்தான் என்று
நாங்களே சட்டம் போட்டோம்.
ஜல்காவில் சௌந்தரநாயகி
வேலிக்கு வெளியே அடித்துவிட்டு
இரண்டாம் பேஸில் சமர்த்தாய் நின்றுகொண்டாள்.
'ஓடுடீ!' என்று கத்தியதில்
நாலு நாள் எனக்குக் குரல் இல்லை.
அந்த வருஷம் மூன்றாமிடம்.
அதற்கு மேல் நான் ஏறியதில்லை,
முன்னும் பின்னும்.

'ஒரு கிளவ் உதைக்குதே மேடம்.
ரெண்டாயிரத்து மூணு கொள்முதல்.
இடதுகைக்காரங்க போடுறது.'

பவளக்கொடி. காசிமேடு.
கடைசி இன்னிங்ஸ், மூன்றாம் பேஸில் நிற்கிறாள்.
நான் காதைத் தொட்டேன்.
தொட்டால் ஓடு என்று அர்த்தம்.
கொசு கடித்தது என்று எனக்கே சொல்லிக்கொள்ள
இருபத்திரண்டு வருஷமாய் முயல்கிறேன்.
பந்து அவளுக்கு முன்னால் வந்துவிட்டது.
கேட்சரின் முழங்கால்,
இவளுடைய எறிகிற தோள்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில்
அவள் அப்பா என்னைத் திட்டவில்லை.
'ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்னு
சொல்லித்தாம்மா அனுப்புறேன்.'
அவ்வளவுதான்.
அடுத்த திங்கள் அவள் வரவில்லை.
கிளவ் அவளிடம்.
வாங்கி வர அட்டெண்டரை அனுப்பலாமா என்றார்கள்.
நானே போகிறேன் என்றேன்.
போகவில்லை.

'தொலைஞ்சதா, தேய்ஞ்சதா மேடம்?
ரெண்டு கட்டம்தான் இருக்கு.'
உபயோகத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள்.
'அப்படிக் கட்டம் இல்லையே.'
அறுநூற்று நாற்பது ரூபாய் கட்டினேன்.
ரசீதில் என் பேர் தப்பு:
ஹெப்சிபா இல்லை, எப்சிபாய்.
திருத்தச் சொல்லவில்லை.

வெளியே முதல் வருஷப் பிள்ளைகள்
தாங்களாகவே ஆடிக்கொண்டிருந்தார்கள்.
வீடு ஸ்டோரில் பூட்டிக் கிடப்பதால்
மண்ணில் சுண்ணாம்பால் ஐந்து கோடு.
மூன்றாம் பேஸில் ஒருத்தி,
பேர் இன்னும் மனதில் ஏறவில்லை,
என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

வேர்வை. கண்ணாடியைக் கழற்றினேன்.
கை காதில் பட்டிருக்க வேண்டும்.

ஓடும் சத்தம்.
பந்து வரும் சத்தம்.
புழுதி எழுந்தது மட்டும்
மங்கலாய்த் தெரிந்தது.
யாரோ கத்தினார்கள்,
அவுட்டா சேஃபா புரியவில்லை.
துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள்
எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.