வெயிலும்மா

பச்சை பெயிண்ட் இன்னும் விரலில் ஒட்டியது.
நட்டு, போல்ட்டு, டீசல் பைப்,
எண்ணெய் கசிந்திருக்கக்கூடிய மூலை முடுக்கு
எல்லாம் ஒரே பச்சை.
"பாக்க வர்றீங்கன்னு தொடச்சி வெச்சேம்மா"
என்றார் தேசப்பன்.

எனக்கு எஞ்சின் தெரியாது.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியில்
பன்னிரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.
எந்தப் படகு எத்தனை பார் ஏற்றியது,
எத்தனை நாளில் திரும்பியது,
எது பாதிக் கடலில் நின்று
இன்னொரு படகின் கயிற்றில் வந்தது
என் நோட்டில் இருக்கும்.
சுந்தரவல்லி
போன தைக்குப் பிறகு இரண்டு முறை
கயிற்றில் வந்தவள்.

தம்பி பெலவேந்திரன் சாவியைத் திருப்பினான்.
அரைச் சுற்று. பிடித்துக்கொண்டது.
ஆறு சிலிண்டரும் ஒரே குரலில்.
தம்பி முகம் போன போக்கைப் பார்த்து
தேசப்பன் விலையில் இருபதாயிரம் ஏற்றியிருப்பார்.

நான் அதற்கு முன்பே, சாவி திருப்பும் முன்பே,
பிளாக்கில் கை வைத்திருந்தேன்.
"சூடா இருக்கே?"
"வெயிலும்மா."

மணி ஆறே முக்கால்.
எஞ்சின் ரூமுக்குள் இறங்க
டார்ச் வேண்டியிருந்தது.

யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.
வழியெல்லாம் தம்பி பேசவில்லை.
ஜீவரத்தினம் நகர் திருப்பத்தில் மட்டும்
"சத்தம் நல்லாத்தானே இருந்திச்சி" என்றான்.
சூடான டீசலுக்கு எல்லாச் சத்தமும் நல்ல சத்தம்.
இதை நான் சொல்லவில்லை.
வளையலும் செயினும் சேட்டுக் கடையில் இருக்கிறது,
அந்த ரசீதுதான் என் பைக்குள் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலை நான்கு.
சொல்லாமல் போனோம்.
ஏலக்காரர்கள் அப்போதுதான் தொண்டையைச் சரிசெய்தார்கள்.
வலை மேல் படுத்திருந்த தேசப்பன்
எழுந்து லுங்கியை இறுக்கினார்.
ஏன் என்று கேட்கவில்லை.

இரும்பு மீன் பெட்டியைப் போல ஜில்லென்றிருந்தது.
ஆயில் கம்பியை உருவி
ஐஸ் சிட்டை ஒன்றின் பின்பக்கம் ஒரு சொட்டு.
கறுப்பு, சுற்றிலும் பழுப்பு.
பால் கலந்த டீ நிறம் இல்லை,
அதுவரை நிம்மதி.

முதல் தடவை: முனகல்.
இரண்டாவது: முனகல்.
மூன்றாவதில் பேட்டரி வெளிச்சம் சுருங்கியது.
நான்காவதில், எண்ணூர் சிம்னிகள் எல்லாம்
ஒரே பைப்பில் நுழைந்ததுபோல்
வெள்ளைப் புகை.

ரசீதின் ஓரத்தில் நிமிஷம் குறித்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்றில் வெள்ளை போனது.
நீலம் நின்றது.
ஐந்து. ஏழு.
தம்பி த்ராட்டிலை ஏற்றினான், இறக்கினான்.
நீலம் நின்றது.

"போகலயே" என்றேன்.

தேசப்பன் பின்பக்கம் போய்ப் பார்த்தார்,
தெரியாத ஒன்றைப் பார்க்கிறவர்போல.
கூலிங் தண்ணீர் மட்டும்
விட்டு விட்டுத் துப்பிக்கொண்டிருந்தது.
பிறகு அங்கேயே உட்கார்ந்து சொன்னார்:
"ரெண்டாவதும் அஞ்சாவதும் ரிங் போயிடிச்சி.
தண்ணி பம்ப்பும் மாத்தணும்.
ஆனா கியர் பாக்ஸ் புதுசு, சத்தியமா,
பில்லு வூட்ல இருக்குது."
கொஞ்ச நேரம் கழித்து,
"நேத்தே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"நேத்து கேட்டேன். வெயிலுன்னீங்க."

அவருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
சிரிப்பு இருமலாகி
வெகுநேரம் நிற்கவில்லை.
எஞ்சினை யாரும் நிறுத்தவும் இல்லை,
திரும்ப எழுப்ப பேட்டரி தாங்காது
என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஒன்றே முக்கால் லட்சம் குறைந்தது.
பில்லைப் பார்த்தோம், நிஜமாகவே இருந்தது.
வாங்கிவிட்டோம்.

பத்து மணிக்கு ஆபீசில் நோட்டைத் திறந்தேன்.
சுந்தரவல்லி பக்கத்தில்
ஆறு மாதமாக நான்தான் சிவப்பு மையில்
கோடு போட்டு வைத்திருக்கிறேன்:
ஐஸ் பாக்கி, நாற்பத்திரண்டாயிரத்து எழுநூறு.

பிளாக்கில் கை வைத்தேன்,
ஆயிலைச் சொட்டினேன்,
புகையை எண்ணினேன்.
இதைக் கேட்க மட்டும் மறந்துவிட்டேன்.