லோரியில இருந்து

"லோரியில இருந்து விழுந்தான், புவான்."

சந்திரகாசன் சொன்னது இவ்வளவுதான்.
ஜாலான் டூத்தா, நான்காம் மாடி, காலை பத்தே கால்.
ஏர்கோன் நேராக என் கழுத்தில் ஊதிக்கொண்டிருந்தது.
ஆங்கிலமாக்கித் தர எனக்கு
ஒரு மூச்சு இழுக்கும் நேரம் உண்டு.
அதற்குள் வாக்கியம் கையில் பிளந்துகொண்டது:

ஃபெல் ஆஃப் என்றால் மேலேயிருந்து.
ஃபெல் அவுட் ஆஃப் என்றால் உள்ளேயிருந்து.

இரண்டிலும் யுவராஜன் கீழேதான் கிடக்கிறான்,
செலாயாங் மொத்தச் சந்தைக்கு முந்தைய வளைவில்,
சுற்றிலும் கேமரன் முட்டைக்கோஸ்.

ஆனால் மேசையில் விரித்திருக்கும் பாலிசித் தாளுக்கு
அவன் 'இன்'னா 'ஆன்'னா தெரிந்தாக வேண்டும்.
உள்ளே என்றால் ஆள்.
மேலே என்றால்
சரக்கோடு சரக்கு.

தமிழில் எனக்கு இருப்பது ஒரே ஓர் 'இல்'.
பையில் காசு, சுவரில் பல்லி,
விரலில் மோதிரம், வாசலில் செருப்பு.
ஐந்தாம் படிவச் சோதனைக்கு
ராத்திரி முழுக்க உருப்போட்டது ஞாபகம் இருக்கிறது:
ஐந்தாம் வேற்றுமை நீங்கல், ஏழாம் வேற்றுமை இடம்,
ரெண்டு பேருக்கும் ஒரே சட்டை.
இருப்பதையும் பிரிவதையும் ஒரே உருபில் முடித்துக்கொண்ட
அந்தப் பழைய ஆளுக்கு
இன்சூரன்ஸ் இருந்திருக்காது.

"புவான், சாட்சியிடம் ஒரு விளக்கம் கேட்க அனுமதி வேண்டும்."
மிஸ் லிம்மின் பேனா நின்றது.
எதிர்த்தரப்பில் என்சிக் ஹஃபிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்க இருந்தாரு? உள்ளயா, பின்னால மேலயா?"

நான்தான் தள்ளிவிட்டேன் என்பதுபோல்
பார்த்தார் சந்திரகாசன்.
"என் பக்கத்துல."

பக்கத்தில்.
பிசைட், நெக்ஸ்ட் டு, பை, நியர்.
ஒட்டியா, ஒட்டாமலா, கூப்பிடு தூரமா?

"தோளு இடிக்கும்மா. நாலு மணிக்கு தானா ராத்தாவுல ஏறுனா,
தாப்பா தாண்டுறதுக்குள்ள தூங்கிருவான்.
தூங்குனா என் மேலதான் சாய்வான்."

மேல. கடைசியில் ஓர் 'ஆன்' கிடைத்தது.
பாலிசித் தாளில் அதற்கு இடமில்லை.
சாய்வான் என்றதை
சாய்வது வழக்கமாக இருந்தது என்று மாற்றிக் கொடுத்தேன்.
ஆங்கிலத்தில் அப்படித்தான் வரும்.

"அன்னைக்கு?" இது என்சிக் ஹஃபிஸ்.
இதையும் நான்தான் கேட்க வேண்டும்.
"அன்னைக்கு?"

அவர் கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்தார்.
இன்னொரு கையால் காற்றில் ஏதோ முடிச்சுப் போட்டுக் காட்டினார்.
"அன்னைக்கு அந்தப் பக்கம் சாஞ்சிட்டான்.
கதவு கொண்டி போயி மூணு மாசம்.
கயித்துல கட்டியிருந்தேன்.
தவுக்கேகிட்ட சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்."

கயிற்றில் அல்ல, கயிற்றால். வித் எ ரோப்.
அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.
ஹீ லீன்ட் அகெய்ன்ஸ்ட் த டோர்.
அதிலும் வரவில்லை.
'அகெய்ன்ஸ்ட்' எதிர்த்துச் சண்டை போடுவதற்கும் ஆகும் என்பது
சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

மிஸ் லிம் எழுதிக்கொண்டார்.
என்சிக் ஹஃபிஸும் எழுதிக்கொண்டார், அவரைவிட வேகமாக.
சந்திரகாசன் மட்டும் பிடித்த சட்டத்தை விடவில்லை.
இறங்கலாம் என்று
நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

செமந்தானில் ஏறும்போதே கூட்டம்.
தங்கச்சி போன்: "எங்க இருக்க?"
"ரயில்ல."

ஆங்கிலத்தில் இதற்கு 'ஆன்' போட வேண்டும்.
நாலு பக்கமும் சுவர், கூரை, அடைத்த கதவு,
மூக்கில் இடிக்கும் யாரோ ஒருவரின் முதுகுப்பை.
இருந்தாலும் 'ஆன்'.
காரில் என்றால் 'இன்', பஸ்ஸில் என்றால் 'ஆன்'.
கேட்டால் அப்படித்தான் என்பார்கள்.

கண்ணுக்கு நேரே கதவில் ஒரு ஸ்டிக்கர்,
சிவப்புக் கோடு போட்ட மனிதன் சரிந்து நிற்கிறான்.
மேலே மலாய், கீழே ஆங்கிலம்.
தமிழ் இல்லை. பழக்கதோஷத்தில்
வாய்க்குள் போட்டுப் பார்த்தேன்:

கதவில் சாயாதே.