ரெண்டாம் கியர்

கண்டியிலிருந்து வந்த நாய். பெயர் டிக்கிரி.
தமிழ் தெரியாது.
பழக்கிவிட்ட பந்துல மாத்தையாவுக்கு இருபத்தாறு வயது,
நீளக் கால், வாவிக்கரையில் நடந்த நடை.
எனக்கு ஐம்பத்தெட்டு.
வலது முழங்காலுக்குள் ஒரு இரும்பு.
எங்கள் லயத்திலிருந்து டிக்கோயா ரோட்டுக்கு
நூற்றுப் பன்னிரண்டு படி,
அதில் பாதி மழை அள்ளிக்கொண்டு போனவை.

"ஹெமின்" என்கிறேன்.
காது திரும்புவது பிடியில் தெரிகிறது.
கால் கேட்பதில்லை.
என் சிங்களத்தில் ஏதோ பிழை.
அல்லது மெதுவாக என்பதை
நான் அவசரமாகச் சொல்கிறேன்.

இருபத்தொரு வருசம் கொழுந்து லொறி ஓட்டினவன்.
ஈரமான முடக்கில் பிரேக்கை நம்பாதே,
கியரைக் குறை என்று
எத்தனை கிளீனர் பையன்களுக்குச் சொல்லியிருப்பேன்.
பின்னால் தொங்கிக்கொண்டு
பலகையைத் தட்டுவான்கள்: போலாம், போலாம்.
சீனி வருத்தம் கண்ணை எடுத்துக்கொண்ட பிறகு
கிளீனர் முன்னுக்கு வந்துவிட்டது.
நாலு கால், ஒரு வால், லைசன் இல்லை.
இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறது.

மூன்றாம் நாள் பீலிக்குப் பக்கத்தில் விழுந்தேன்.
வாங்கிவந்த பாண் கானுக்குள் போனது.
நாய் திரும்பி வந்து
என் காதுக்குள் மூச்சு விட்டது,
ஏன் நிறுத்திவிட்டாய் என்பது மாதிரி.

பந்துல மாத்தையா போனில் சொன்னார்:
இழுத்தால் நில்லுங்க.
வெட்டி இழுக்காதீங்க, ஏசாதீங்க.
பிடி தளர்ந்த பிறகு ஒரு எட்டு.
திரும்ப இழுத்தால் திரும்ப நில்லுங்க.

நின்றேன்.
பெரட்டுக்குப் போகிற பெண்கள் கடந்துபோனார்கள்,
ரப்பர் செருப்பும் கூடையும் பேச்சுமாக.
"என்ன ட்ரைவரே, டீசல் முடிஞ்சிருச்சா?"
"பஞ்சர்" என்றேன்.
திரும்பி வரும்போது கேட்டார்கள்,
"இன்னமும் பஞ்சரா?"
அன்றைக்குப் படி முப்பத்தேழு வரைதான்.
பாண்காரனின் த்ரீவீல் கீழே பாட்டுப் போட்டுவிட்டு
எங்களுக்காக ஒரு நிமிசம் நின்று
போய்விட்டது.

பனி இறங்கிய ஒரு காலையில்தான் பிடிபட்டது.
படி வழுக்கும் என்று நினைத்த உடனே
என் கை இறுகியது.
இறுகிய கை முன்னால் தள்ளியது.
தள்ளிய உடனே அவள் ஓடினாள்.
பாவம், அவளுக்குக் கொடுத்த சொல் அதுதான்.
வாயால் ஹெமின், கையால் ஓடு.
கியர்த் தலையை
முட்டையைப் பிடிப்பது மாதிரிப் பிடிடா என்று
சவரிமுத்துவின் மண்டையில் குட்டியவன் நான்.
விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
சுண்டுவிரல்தான் கடைசிவரை வரமாட்டேன் என்றது.
அவள் ஒரு படி இறங்கி
எனக்காகக் காத்திருந்தாள்.

இப்போது நூற்றுப் பன்னிரண்டுக்கும்
இருபத்தைந்து நிமிசம்.
பாண் சூடாகக் கிடைக்கிறது.

ஆனால் அவளுக்கும் கால் இருக்கிறதே.

இந்த மலையில் சமதரை என்று சொல்ல
பந்தடிக்கிற கிரவுண்ட் ஒன்றுதான்.
பொயா நாள். பையன்கள் இல்லை.
கோல் கம்பத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு
குனிந்து சொன்னேன், யமு.

முதலில் நம்பவில்லை.
இரண்டு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தாள்,
பிடி சொன்னது.
யமு, யமு.
பிறகு புல் காலுக்குக் கீழே ஓடத் தொடங்கியது.
முழங்கால் இரும்பு ஏதோ முனகியது, கேட்கவில்லை.
பதினொரு வருசத்துக்குப் பிறகு
நான் போகிற வேகத்தில்
காற்று என் முகத்தில் பட்டது.
ரெண்டாம் கியர். சத்தியமாக ரெண்டாம் கியர்.

லயத்துப் பக்கமிருந்து ராக்காயி கத்தினாள்:
"மெதுவா!"

லொறிக் காலம் முழுக்க
ஒவ்வொரு விடியலும் அவள் சொல்லி
நான் ஒருநாளும் கேட்காத சொல்.

தமிழ் தெரியாத நாய்
சட்டென்று நடையைக் குறைத்தது.