செவ்வாய்க்கிழமை நூடில்ஸ்

நாலரைக்கு அலாரம்.
கிறீஸ் கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டால்தான்
மாவைத் தொடலாம்.
ஐந்தரைக்குச் சுகந்தினியின் கார்மென்ட் பஸ்
விசுவமடுச் சந்தியில் ஹோர்ன் அடிக்கும்.
அதற்குள் அவளுக்கொரு பெட்டி,
பிறகு பிள்ளைகளுக்கு இரண்டு.
மூன்றுக்கும் சேர்த்து இருநூற்றைம்பது ரூபாய்.
மேலே ஒரு சதமும் போகாது.

முட்டை விலை ஏறினால்
ஒரு முட்டையை மூன்று பெட்டிக்கு அடிப்பேன்,
முருங்கையிலையைக் கூட்டி.
வேலியில் நிற்கிற மரம்
பில் தருவதில்லை.

கௌப்பியை இரவே ஊறப்போட வேண்டும்.
மறந்துபோன அன்று மகள் யதுர்சிகா
ஒரு விதையைத் திருப்பிக் கொண்டுவந்து
என் உள்ளங்கையில் வைத்தாள்:
"அப்பா, இது இன்னும் முளைக்கும்."

குரக்கன் ரொட்டி கறுப்பு.
சாருஜன் மூடியைப் பாதி திறந்து
ஒளித்து ஒளித்துச் சாப்பிடுகிறான் என்று ரீச்சர் சொன்னா.
அடுத்த முறை கரட் துருவிப் போட்டேன்,
கறுப்புக்குள் செம்மஞ்சள் புள்ளி,
சிறுத்தை ரொட்டி என்றேன்.
"சிறுத்தைக்குப் புள்ளிதானே கறுப்பு?"
"இது மாறிப் பிறந்த சிறுத்தை."
மூடி முழுதாய்த் திறந்ததாம்.

உடையார்கட்டுக் குளத்து மீன் சைக்கிளில் வந்த நாளில்
முள்ளெடுத்து, மரவள்ளி பிசைந்து, கட்லட்.
கடையில் எண்பது ரூபாய்.
என்னுடையது எண்ணெயோடு இருபத்திரண்டு.

சுவரில் பாங்கு தந்த கலண்டர்.
கட்டத்துக்கொரு சாப்பாடு எழுதுவேன்.
ஒரே பெயர் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வராது.
"இதென்ன சட்டமோ?" என்பாள் சுகந்தினி.
சட்டம்தான்.

எனக்குப் பதினாறு வயதில்
ஒரு சாப்பாடு இருந்தது.
நேற்றும் அது. இன்றும் அது.
நாளைக்கு வரிசை இருந்தால் நாளைக்கும் அது.
தேங்காய்ப்பால் இல்லை, உப்பு சில நாள்.
குறை சொல்ல மாட்டேன்,
இன்றைக்கு இந்த அடுப்படியில் நான் நிற்பது
அதைக் குடித்துத்தான்.
ஆனால் அதன் பெயரை
இந்தக் கலண்டரில் எழுதியதில்லை.
பிள்ளைகள் கேட்டதுமில்லை.

போன கிழமை முழுக்க
நூடில்ஸ் நூடில்ஸ் என்று சாருஜன் காலைச் சுற்றினான்.
கடையில் ஒரு பாக்கெட்டை எடுத்துப்
பின்பக்கம் வாசித்து
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
செவ்வாய் விடிய
இரவு மிஞ்சிய இடியப்பம் ஒன்பது இருந்தது.
உதிர்த்து, கோவா, கரட், லீக்ஸ் கொஞ்சம்,
ஒரு முட்டை, மிளகு,
மேலே பொரித்து நொறுக்கிய நெத்தலி.
பெட்டியின் கிளிப் அன்றுதான் உடைய வேண்டுமா?
பழைய டியூப்பில் ஒரு வளையம் வெட்டி
இறுக்கிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மணிக்குப் பெட்டி வந்தது.
முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்,
பிறகுதான் பிள்ளையைக் கேட்பேன்.
ஒரு இழை மிச்சமில்லை. மூலையில்
விரல் போட்டு வழித்த தடம்.
"நிதுர்சனும் திண்டவன். எந்தக் கடை எண்டு கேட்டவன்."
"என்ன சொன்னாய்?"
"எங்கட சைக்கிள் கடை எண்டு."
பிறகு, சப்பாத்தைக் கழற்றாமலே:
"நாளைக்கும் இதையே வையுங்கோ."

புதன் கட்டத்தில் கடலை என்று
ஏற்கெனவே எழுதியிருந்தேன்.
பேனையை எடுத்தேன்.
காதில் செருகினேன்.
ஒரு ரிம்மை நெளிவெடுத்துவிட்டு
திரும்பவும் வந்து நின்றேன்.
நேற்றுத் தின்றதையே
ஒருவன் கேட்டு வாங்குவான் என்பது
எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இரவு இடியப்பம் பிழியும்போது
சுகந்தினி தட்டுகளை எண்ணினாள்.
"என்ன, இவ்வளவு?"
நிதுர்சனுக்கும் சேர்த்து.
இருநூற்று எழுபது ரூபாய் ஆகிவிட்டது.
கடலை வியாழனுக்குப் போகட்டும்.