தீர்மானம் எண் 61

மாமன்றத்தில் குறிப்பெடுப்பது என் வேலை.
கூச்சலை 'விவாதம்' என்று எழுதுவேன்.
வெளிநடப்பை மணி, நிமிடத்தோடு எழுதுவேன்.
வெளியே போனவர் வடை தின்றுவிட்டு
வேறு கதவு வழியே வந்து உட்கார்ந்ததை
எழுதுவதில்லை.

அன்றைக்கு ஆடி பதினொன்று.
பொருள்: பதினான்கு ஊர்கள் கூடி
ஆரல்வாய்மொழிக் காற்றையும் கமுதி வெயிலையும்
மொத்தமாக விலைபேசி வாங்குகின்றன;
மதுரையும் சேரலாமா.
இருபது வருசத்துக்கு ஒரே விலை.
தெருவிளக்கு, அரசரடி மோட்டார்,
தத்தனேரி மின்மயானம் எல்லாம் அடக்கம்.

"பொணத்தையும் காத்துலயா எரிக்கப் போறீங்க?"
"காத்தாப் போனவனுக்குக் காத்துதானப்பா."
சிரிப்பு என்று எழுதி, அடித்தேன்.

நெல்பேட்டையில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும்
ஜைனுலாப்தீன் எழுந்தார்.
"என் தெருக் கம்பத்துல எரியிறது
கரிக்கரண்டா காத்துக்கரண்டான்னு
எதை வச்சுக் கண்டுபிடிக்க?"

"முடியாதுங்க," என்றார் பொறியாளர் தில்லைக்கரசி.
"கம்பியில எல்லாம் கலந்துரும்.
அங்கிட்டு ஒரு குடம் ஊத்துறோம்,
இங்கிட்டு ஒரு குடம் மொள்றோம்.
வைகையில ஊத்துன அதே தண்ணிதான் வேணும்னு
கேப்பமா?"
"மொதல்ல வைகையில தண்ணி வரட்டும்மா."
இதையும் அடித்தேன்.

தறிக்காரர் சாந்தாராமுக்கு வேறு கவலை.
"அஞ்சு வருசத்துல வெயில்கரண்டு சல்லிசாயிட்டா?
தாலி கட்டுன மறுநாள்
நல்ல சம்பந்தம் வந்த கதையாயிரும்."
இதை மட்டும்
'விலை குறையும் வாய்ப்பு குறித்து உறுப்பினர் ஐயம்' என்று
மரியாதையாக எழுதினேன்.

பிறகு ஒச்சம்மாள்.
"ஆடிக்காத்து அம்மியத் தூக்கும்.
மார்கழியில கோலப்பொடிகூட அசையாது. அப்ப?"
"ஆடியில மிஞ்சுனதக் கணக்குல வச்சு
மார்கழியில எடுத்துக்கிறலாம்மா,
கொஞ்சம் பிடித்தம் போக."

ஒச்சம்மாள் பேசவில்லை.
கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.
"மொய்யி," என்றார்.

மன்றமே நிமிர்ந்து உட்கார்ந்தது.
நாற்பத்திரண்டு பக்க அறிக்கை சொல்லாததை
எல்லோருக்கும் ஒரே நொடியில்
புரிந்துவிட்ட மாதிரி.

"இன்னைக்கு நாம செய்யிறோம்,
நமக்கு ஒண்ணுன்னா அவுக திருப்பிச் செய்யணும்.
சரி. நோட்டு யாரு கையில?"
"மின்வாரியத்துகிட்ட."
"அது விசேசக்காரன் வீட்டு நோட்டு.
நம்ம வீட்டு நோட்ட யாரு எழுதுறா?"

தில்லைக்கரசி பக்கங்களைப் புரட்டினார்.
முன்னாலிருந்து ஒரு தடவை,
பின்னாலிருந்து ஒரு தடவை.

அப்போதுதான் அது வந்தது.
மேற்குச் சன்னல் வழியாக,
நாகமலைப் பக்கத்துப் புழுதியோடு,
யாரையும் கேட்காமல்.
அறிக்கைகள் மேசைவிட்டு மேசை பறந்தன.
ஆளும் வரிசைக் காகிதம் எதிர்வரிசைக்குப் போனது.
வெள்ளைப்பாண்டி ஓடிப்போய்
எல்லாச் சன்னலையும் சாத்தினான்.
புழுங்கியது.
பதினெட்டு மின்விசிறிகளையும்
முழு வேகத்தில் சுழலவிட்டான்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

உரிய விளக்கம் பெற்று
அடுத்த கூட்டத்தில் வைக்க முடிவு.
நான் 'மொய்' என்றே தட்டச்சு செய்தேன்.
மேலாளர் சிவப்பு மசியில் 'வங்கியிடல்' என்று திருத்தினார்.
எந்த வங்கி என்று கேட்கத் தோன்றியது.
கேட்கவில்லை.

ராத்திரி, பீரோவிலிருந்து
எங்கள் வீட்டு நோட்டை எடுத்தேன்.
கருமாத்தூர், காதுகுத்து, ஐநூறு: வந்துவிட்டது.
சிந்துபட்டி, புதுமனை, ஆயிரம்: வந்துவிட்டது,
நூறு கூடுதலாக.
செக்கானூரணி, கல்யாணம், இரண்டாயிரம்:
எதிரே வெள்ளையாகக் கிடக்கிறது, பதினோரு வருசமாக.
அவர்கள் இப்போது கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்வி.

பேனா மூடியைத் திறந்து
கடைசி வரிக்குக் கீழே எழுதினேன்:

ஆடி 11. மாமன்றம், மேற்குச் சன்னல்.
காற்று.
தொகை குறிக்கவில்லை.