வேர் எந்தப் பக்கம்

மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பருவம்:
'தாவரத்தின் பாகங்கள்.'
பாடப்படத்தில் ஒரு தக்காளிச் செடி,
வேர் கீழே, பழம் மேலே,
நடுவில் அம்புக்குறிகள்.

முள்ளிமுனைப் பள்ளியில்
தக்காளிக்கென்று ஒரு பாத்தி உண்டு.
கிழிந்த நண்டு வலையில் வேலி.
அடிகுழாய்த் தண்ணீர் மூன்று நாள் ஊற்றினோம்.
நாலாம் நாள் இலையோரம் கருகி
மண்ணில் வெள்ளை பூத்தது.
மிச்சத்தை ஆடு தின்றது.
யார் வீட்டு ஆடு என்று
எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்,
யாரும் சொல்லவில்லை.

நான் கம்பத்துக்காரி.
குடைக்கம்பை ஊன்றினாலும் துளிர்க்கும் மண்.
மாறுதலாகி இங்கே வந்த அன்று
பேருந்து ஜன்னல் வழியே பார்த்து
"ஒண்ணுமே இல்லையே" என்றேன்.
நடத்துநர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

செத்த பாத்தியைக் காட்டி
எந்தப் பாகத்தை நடத்த?
இருபத்திரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு
கடற்கரைக்குப் போனேன்.
"ஆளுக்கு ஒரு செடி, வேரோட."

ரோஷிலின் ஓர் அடம்பங்கொடியைப் பிடித்தாள்.
இழுத்தாள். வந்தது. இன்னும் வந்தது.
மிதுனேஷ் சேர்ந்தான், அஃப்ரா சேர்ந்தாள்,
கரைவலை இழுப்பதுபோல்
பாதி வகுப்பு வரிசை கட்டியது.
கணுவுக்குக் கணு வேர்விட்டு
கணுவுக்குக் கணு மணலைக் கடித்தபடி
கொடி வந்துகொண்டே இருந்தது.
"இதுல எங்க டீச்சர் ஆரம்பம்?"
ஊதாப் பூ ஒன்று கசங்கி
என் செருப்பில் ஒட்டியிருந்தது.
"விட்டுருங்க" என்றேன்.
விட்டார்கள்.
பிறகு ஒவ்வொரு கணுவாக மணல் போட்டு மூடினார்கள்,
அதை நான் சொல்லவில்லை.

அடுத்த புதன், கழிமுகம்.
சேற்றில் பென்சில் பென்சிலாக
ஆயிரம் குச்சிகள் வானம் பார்த்து நின்றன.
யாரோ நட்டுவைத்தவை என்று நினைத்து
ஒன்றைத் தாண்டி இன்னொன்றில் கால் வைத்தேன்.
"மிதிக்காதீங்க டீச்சர், அது வேரு."
வேரா? மேலேயா?
"மூச்சு விட வந்துருக்கு,"
அஃப்ராவுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம்.
"சங்கு குளிக்கப் போனா
எங்க மாமாவும் மேல வருவாருல்ல."

காளீஸ்வரன் வகுப்பில் வாய் திறப்பதில்லை.
வருகைப் பதிவுக்குக்கூடக் கைதான் தூக்குவான்.
அலையாத்தி இலை ஒன்றைத் திருப்பிப் பிடித்து
நக்கினான்.
"உப்பு."
அடிப்புறம் பொடிப்பொடியாய் மின்னியது.
அப்புறம் இருபத்தொரு நாக்குகள்.
அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என்னுடையதும்.

"இலையோட வேலை என்ன?"
பாடத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன்.
"சாப்பாடு செய்யிறது."
"அப்ப உப்பு எதுக்கு?"
இதெல்லாம் ஒரு கேள்வியா என்று பார்த்தான்.
"சாப்பாட்டுக்கு உப்பு வேணாமா டீச்சர்?"

தப்பு.
வேண்டாத உப்பைத்தான்
இலை வெளியே தள்ளுகிறது.
திருத்த வாயெடுத்தேன்.
ஜூன் மாதத்திலிருந்து அவன் பேசிய
மூன்றாவது பேச்சு அது.
நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நாளைக்கு மழை. அதற்கடுத்து விடுமுறை.
பிறகு பருவத் தேர்வு. கோடிட்ட இடம்:
'வேர் மண்ணில் ______ நோக்கி வளரும்.'
பதினேழு பேர் 'கீழ்'.
நாலு பேர் 'மேல்'.
காளீஸ்வரன்
'எந்தச் செடி' என்று எழுதி
இடம் பத்தாமல் கடைசி எழுத்தைத்
தாளின் விளிம்பில் தொங்கவிட்டிருந்தான்.

விடைக்குறிப்பில் ஒரே ஒரு சொல்தான்.
சிவப்புப் பேனாவை மூடினேன்,
திறந்தேன், மூடினேன்.

ஜன்னலுக்கு வெளியே தக்காளிப் பாத்தியில்
யாரும் நடாத உமரி
தடித்த இலைகளோடு படர்ந்து கிடக்கிறது.
யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.
அதன் நடுவே, என் கையெழுத்தில்,
'தக்காளி' என்ற அட்டை
இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.