முப்பத்தைந்து பார்

துவாஸில் இரவு இரண்டு மணி.
உருளையைத் தராசில் ஏற்றுகிறோம்
நானும் ரோஸ்லானும்.
முதலில் வெற்று உருளை.
முப்பத்தைந்து பார் அழுத்தத்தில்
மீத்தேன் இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறேன்.
பிறகு அதே உருளைக்குள்
தேங்காய்ச் சிரட்டைக் கரியைக்
கழுத்துவரை அடைத்து
மறுபடி அதே முப்பத்தைந்து.

கரியின் எடையைக் கழித்த பின்னும்
மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல்.

"அடைத்தால் இடம் கூடுமா, அக்கா?"
கணக்குத் தெரிந்த எனக்கே
ஒவ்வொரு முறையும் இது
சின்ன மோசடி போலத்தான் இருக்கிறது.

ஒரு கிராம் கரியின் துளைகளை விரித்தால்
கால்பந்துத் திடலில் கால்வாசி.
வெளியே கடலில்
மணல் தோணிகளின் விளக்குகள்;
அங்கே நிலம் செய்கிறார்கள்.
நான் கரண்டியால் அள்ளிக் கொட்டியது
எத்தனை திடல் என்று எண்ணத் தொடங்கி
விட்டுவிட்டேன்.

ஆனால் அவசரம் ஆகாது.
வாயு கரியில் ஒட்டும்போது சூடு பிறக்கும்.
சூடேறிய கரி
ஒட்டியதையே உதறும்.
நேற்று நான்கு நிமிடத்தில் நிரப்பினோம்:
நடுவில் எழுபத்தெட்டு டிகிரி,
கொள்ளளவில் கால் பங்கைக் காணோம்.
மெதுவாக நிரப்பினால் சரியாகும் என்றேன்.
"எந்த டாக்சிக்காரர்
மூன்று மணிநேரம் காத்து நிற்பார்?"
என்று கேட்டுவிட்டுப் போனார் திருமதி கோ.

இன்று உள்ளே செம்புத் தகடுகள்,
விசிறி மடிப்பாக.
சூட்டை வெளியே கடத்தும்.
அவை நிற்கும் இடத்தில் கரி இருக்காது.
எவ்வளவு இழக்கலாம் என்பதுதான்
இந்த மாதம் முழுக்கச் சண்டை.

பூன் லேயில் எங்கள் மூவறை வீட்டில்
இப்போது ஏழு பேர்.
தங்கை மாலினி பிள்ளைகளோடு வந்து
ஐந்து வாரம்.
கட்டில்மேல் கட்டில் போட்டதைச் சொன்னதும்
ரோஸ்லான் உருளையைக் காட்டிச் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
பேருந்தில் வந்தது, தனியாக இருந்தபோது.

வால்வைத் திறக்கிறோம்.
உருளை குளிர்ந்து வியர்க்கிறது.
அழுத்தமானி இறங்கி, இறங்கி, நிற்கிறது.
கடைசிக் கொஞ்சம் வெளியே வராது.
சூடேற்றினால் வரும்,
சூடேற்றுவதற்கும் ஆற்றல் வேண்டும்.
'தங்கியது' என்ற கட்டத்தில்
பதினாறு சதவீதம் என்று எழுதி
பேனாவை மூடினேன்.

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும்
நகக்கணுவில் கறுப்பு.
காலையில் குளியலறைக்கு வரிசை.
எனக்கு முன்னால் துண்டோடு நின்ற துருவன்
என் கையைப் பிடித்துப் பார்த்தான்:
"பெரியம்மா, விரலில் என்ன?"

"திடல்" என்றேன்.
அவன் நம்பாமல்
குனிந்து முகர்ந்தான்.